நாற்றம் தொடங்கும் இடம்

தெம்பினிஸ் சாலையில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் வேலையிடத்துச் சாக்கு இன்னும் என் இடுப்பில் கட்டியிருப்பதைக் கவனித்தேன். கல் சுமப்பவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கோணிச் சாக்கு. அவிழ்த்துச் சாலையோரம் போடலாமென்று நினைத்தேன். வானம் கறுத்துக்கொண்டு வந்ததால், தலைக்காவது ஆகட்டும் என்று தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

சாங்கியில் விமானம் இறங்கும் ஓடுபாதைக்குக் கல் பரப்புகிற வேலை. யாரோடும் சண்டையில்லை. கங்காணி நல்ல மனிதர்தான். மதியச் சோறு தின்றுவிட்டு மற்றவர்கள் மரத்தடியில் சாய்ந்திருந்தபோது எழுந்து சாலைக்கு வந்தேன், வந்தவன் திரும்பவில்லை. அந்த வயதில் நான் அப்படித்தான் இருந்தேன். ஜொகூரில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்பில் விட்டதும் இதே மாதிரிதான். படுக்கிற இடத்தில் கூரையின் எந்த ஓட்டை வழியாக எந்த நேரத்துக்கு வெயில் விழும் என்று தெரிந்துவிட்டால் போதும், எனக்கு உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

சிராங்கூன் சாலைக்கு வந்து சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. சாலையிலிருந்து ஆற்றுப் பக்கமாக ஒரு செம்மண் சந்து இறங்கியது. அதன் கோடியில் அத்தாப்பு ஓலை வேய்ந்த நீளமான கூரை தெரிந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பாதிச் சந்தில் நாற்றம் என்னை நிறுத்தியது. மழை முதுகில் அடிக்கிறது, நாற்றம் முகத்தில் அடிக்கிறது. மழையே தேவலை என்று திரும்பப் பார்த்தேன். இடி விழுந்தது. கூரைக்குள் ஓடிவிட்டேன்.

உள்ளே வரிசையாகப் பசுக்கள் கட்டியிருந்தன. கொட்டிலின் மறுபாதியில் என் நெஞ்சு உயரத்துக்குச் சாணிக் குவியல். கூரை ஒழுகி, மாட்டு மூத்திரமும் மழைத்தண்ணீரும் ஒன்றாகக் கலந்து குவியலின் அடியில் கறுப்பாகத் தேங்கியிருந்தது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒருவர் என்னையே பார்த்தபடி நின்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கும். மெலிந்த ஆள். தொடை தெரிய மடித்துக் கட்டிய கைலி.

"ஓடி வந்தே. நடுவுல நின்னியே, ஏன்?" என்றார்.

யார், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "ஒண்ணுமில்லண்ணே. கொஞ்சம் நாத்தம்."

"எந்த எடத்துல நின்னே?"

"அந்த வாழைமரத்துக்கிட்ட."

"வாழைமரத்துக்கிட்டயேவா?" அவர் முகம் தொங்கிப்போய்விட்டது. "வேலிக்கிட்ட வந்தாத்தான் அடிக்கும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அப்புறம்தான் சொன்னார். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். சாணியை மக்கவைத்து எருவாக்கி, ஆற்றுக்கு அந்தப்புறம் கீரை போடும் சீனர்களுக்குக் கொடுப்பார். மீன்சந்தையில் கழிக்கும் இறால் தலைகளையும் அதில் சேர்ப்பார். கீரைக்காரர்களுக்கு அது போட்ட எருதான் பிடிக்கும். வருடக்கணக்காக இதிலேயே கிடந்ததில் அவருக்கு மூக்கு மரத்துவிட்டது. எது நாறுகிறது, எது நாறவில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"எம்பொண்டாட்டிதான் எனக்கு மூக்கு. இன்னிக்கு இந்தப் பக்கம் அதிகமா அடிக்குது, மண்ணு போடுங்கன்னு அவதான் சொல்லுவா. இப்ப அவளும் இல்ல."

இறந்துவிட்டாளோ என்று நான் தயங்கினேன். அவரே புரிந்துகொண்டார்.

"அய்ய, இருக்கா. புக்கிட் பாத்தோக்குல, அவ அக்கா வீட்டுல. உண்டாகியிருக்கா."

அவர் மனைவி முன்பே ஒரு தடவை கருவுற்று, அது தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை மசக்கை கடுமை. இத்தனை வருடம் பழகிய சாணி நாற்றம், கருத்தரித்ததும் அவளுக்கு ஆகாமல் போய்விட்டது. தண்ணீர் குடித்தால்கூட வெளியே வந்தது. அக்கா வந்து பார்த்து, கையோடு அழைத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவின் புருஷன் அங்கே கல் உடைக்கும் இடத்தில் வேலை பார்க்கிறவர். அந்த நாற்றம் போனால்தான் தங்கச்சி திரும்பி வருவாள், இல்லையென்றால் பிள்ளை பிறந்தும் அங்கேதான் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் பாலு வேல முடிஞ்சதும் பஸ்ஸு ஏறிப் போயிப் பாப்பேன். நல்லா தேச்சுக் குளிச்சிட்டுத்தான் போவேன். போன வாரம் கிட்ட போயி உக்காந்தேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா." மண்வெட்டியின் பிடியைத் துடைத்தார். "வேணும்னு திருப்பல. அவளால முடியல. நான் திண்ணையில தள்ளி உக்காந்து பேசிட்டு வந்துட்டேன்."

மழை விட்டது. அவர் எனக்குச் சூடாகப் பால் காய்ச்சிக் கொடுத்தார். "எங்க போறே?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப கொஞ்ச நாளு இங்க இரேன். உன் மூக்கு நல்லாயிருக்கு" என்றார். இதுவரை யாரும் என் உறுப்பு எதையும் நல்லாயிருக்கிறது என்று சொன்னதில்லை. இருந்துவிட்டேன்.

ஆனால் மூக்கு எவ்வளவு சீக்கிரம் மரத்துப்போகிறது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். மறுநாள் கண் விழித்தபோதே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாட்டுக்காரருக்குக் கவலையாகிவிட்டது. கடைசியில் ஒரு வழி செய்தோம். விடிந்ததும் நான் கிளம்பி, சிராங்கூன் சாலையோடு கடைகள் இருக்கும் பக்கம் நடந்துவிடுவேன். மாவு மில்லில் மிளகாய் அரைக்கும் நெடி, பூக்கடை, கோப்பிக்கொட்டை வறுக்கும் வாசம் எல்லாவற்றையும் தாண்டிப் போய், ஒரு கோப்பி குடித்துவிட்டுத் திரும்புவேன். வெளிக்காற்றில் அவ்வளவு தூரம் நடந்தால் மூக்குக்கு மறுபடி உயிர் வந்துவிடும். சந்துக்குள் இறங்கி, நாற்றம் எங்கே தொடங்குகிறதோ அங்கே ஒரு செங்கல்லை வைப்பேன். மாட்டுக்காரர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முதல் நாள் செங்கல் வாழைமரத்துக்கும் அப்பால், கிட்டத்தட்ட சாலையிலேயே விழுந்தது.

நடப்பதே ஒரு வேலையாக எனக்கு வாய்த்தது அப்போதுதான்.

கோப்பி குடிப்பது ஒரு முஸ்லிம் பாயின் கடையில். நாகூர்ப் பக்கத்துக்காரர், வாய் சும்மா இருக்காது. முதல் நாளே என்னைப் பெஞ்சில் உட்காரவிடவில்லை.

"தம்பி, நீ அங்கனயே நில்லு. பால் டின்னுல ஊத்தித் தர்றேன். நீ உள்ள வந்தா என் ரொட்டிய எவனும் வாங்க மாட்டான் லா."

"அவ்வளவாவா பாய் அடிக்குது?"

"அடிக்குதாவா? மாடு வருதா மனுசன் வர்றானான்னு எட்டிப் பாத்தேன். ரெண்டு காலு இருக்கவே கோப்பி போட்டேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலி டின்னில் கோப்பி வாங்கி வெளியே நின்றே குடித்தேன். கோப்பி நன்றாகவே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டிலைப் பார்க்க மனைவியின் அக்கா வருவதாகச் சொல்லி அனுப்பினார். மாட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. இருவரும் யோசித்தோம். சுத்தம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பொங்கலுக்குச் செய்வது. சுண்ணாம்பு வாங்கி வந்து பீப்பாயில் நீற்றினோம். கொட்டில் தூண்கள், பலகைச் சுவர், வேலிக்கால், வாழைமரத்தடியில் கிடந்த கல் வரைக்கும் வெள்ளையடித்தோம். மிச்சம் நிறைய இருந்தது. வீணாக்குவானேன் என்று எருக்குவியல் மேலேயும் தாராளமாகக் கொட்டிப் பரப்பிவிட்டோம். குவியல் பளிச்சென்று, கோயில் மதில் மாதிரி ஆகிவிட்டது. அதைப் பார்க்கவே எங்களுக்குப் பெருமையாக இருந்தது. வாசலில் ஒரு கோலம்கூடப் போட்டார் அவர், கோணல் மாணலாக.

வெயில் ஏற ஏறக் குவியலிலிருந்து ஏதோ கிளம்பியது. இது பழைய நாற்றம் இல்லை. பழைய நாற்றம் வயிற்றைப் புரட்டும். இது கண்ணைப் பிடுங்கியது. மூக்கு மரத்த மாட்டுக்காரருக்கே கண்ணில் தண்ணீர் கொட்டியது. பசுக்கள் தலையை உதறிக்கொண்டு கயிற்றை இழுத்தன. அந்த நேரம் பார்த்து அக்கா தூக்குச்சட்டியோடு சந்தில் இறங்கி வந்தார். கனத்த உடம்பு, வேகமான நடை. வேலிக்கு வரும்போதே முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"மாப்ள, இது என்ன வீடா, மருந்துக்கடையா? எதப் போட்டுக் கொளுத்துனீங்க?"

"வெள்ளையடிச்சேன் மதினி."

"சாணிக்கா?"

மாட்டுக்காரர் கண்ணீரோடு தலையாட்டினார். அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெள்ளைக் குவியலைப் பார்த்தார். அவருக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஒலகத்துல எவனாவது சாணிக்கு வெள்ளையடிப்பானா? எந்தங்கச்சிய இங்க கொண்டாந்து விட்டா அவ கண்ணே அவிஞ்சு போயிடும். நான் வர்றேன்."

தூக்குச்சட்டியை வேலிக்காலில் மாட்டிவிட்டுப் போனார். அதில் தங்கச்சி கையால் செய்து அனுப்பிய கொழுக்கட்டை இருந்தது. மாட்டுக்காரர் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எருவுக்கு வந்த சீனக் கீரைக்காரர் அடுத்த நாள் குவியலைக் கிண்டிப் பார்த்துவிட்டு, "தா போலே லா, சாயுர் மாத்தி" என்று மலாயில் சொல்லிக் கையை விரித்தார். இது ஆகாது, கீரை செத்துப்போகும் என்று அர்த்தம். சுண்ணாம்பு பட்டதையெல்லாம் சுரண்டி ஆற்றோரக் குழியில் போட்டு மண் மூடினோம். அதற்கே முதுகு ஒடிந்தது.

அன்றைக்குக் களைத்துப்போய், கொட்டிலின் கோடியில் கிடந்த பழைய எருக்குவியல் மேல் சாக்கை விரித்துப் படுத்துவிட்டேன். ஈரமில்லாமல், பொலபொலவென்று, கதகதப்பாக இருந்தது. காலையில் வழக்கம்போல் நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து, சாக்கை எடுக்கக் குனிந்தேன். மூக்கு அப்போது நல்ல கூர்மையாக இருந்தது. அந்தக் குவியலில் நாற்றமே இல்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். மண் வாசம்தான் வந்தது. கையை உள்ளே விட்டால் சூடு. கிண்டிப் பார்த்தால் உள்ளே இறால் ஓடுகள் கிடந்தன.

"அண்ணே, இதுல எறா போட்டிங்களா?"

"அது தவறிப்போயிப் போட்டது. பக்கத்துல பெட்டி செய்யுற பட்டறையிலேருந்து மரத்தூள் கொண்டாந்து இங்க கொட்டியிருந்தாங்க. எடமில்லன்னு அதுமேலயே சாணியையும் எறாவையும் போட்டு, பழைய எருவப் போட்டு மூடி வெச்சேன். அப்பறம் மறந்துட்டேன்."

இருவரும் அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதன் மேலே கூரை ஒழுகவில்லை. அடியில் தண்ணீர் தேங்கவில்லை. மரத்தூள் ஈரத்தை உறிஞ்சியிருந்தது. அவ்வளவுதான் விஷயம். இத்தனை நாளாக நாற்றம் போக எதைச் சேர்க்கலாம் என்று யோசித்தவர்கள், தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்று யோசிக்கவேயில்லை.

அதன் பிறகு செய்ததெல்லாம் உடம்பு வேலை. கூரைக்குப் புது ஓலை வேய்ந்தோம். தரையில் செம்மண் கொட்டி மேடாக்கி, மூத்திரம் தனியாக ஓடிப் பீப்பாயில் விழும்படி வாய்க்கால் வெட்டினோம். ஆற்றங்கரை மர ஆலையிலிருந்து மரத்தூளை மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தோம். சாணி ஒரு அடுக்கு, மரத்தூள் ஒரு அடுக்கு. இறால் தலைகளை, நான் மீன்சந்தையிலிருந்து சுமந்து வந்த சூட்டோடு, குவியலின் நடுவயிற்றில் புதைத்து, மேலே பழைய எருவைப் போர்வை மாதிரி கனமாகப் போர்த்தினோம். புது எருவின் நாற்றத்தைப் பழைய எரு குடித்துவிடும் என்று கண்டுகொண்டோம். குவியலைப் புரட்டும்போது மட்டும் கொஞ்சம் கிளம்பும். அதனால் காற்று ஆற்றுப் பக்கம் வீசும் நேரமாகப் பார்த்து, லாலான் புல் சாய்வதைக் கவனித்து, அப்போதுதான் புரட்டுவோம்.

செங்கல் நகர ஆரம்பித்தது. முதலில் வாழைமரத்துக்கு வந்தது. ஒரு நாள் பலத்த மழை பெய்ததில் மறுபடி பின்னால் போனது. அன்றைக்கு மாட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வேலிக்கு வந்தது. பிறகு வேலிக்கு உள்ளே. ஒரு காலையில் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு குவியல் வரைக்கும் நடந்து வந்து, வைக்க இடம் தெரியாமல் நின்றேன்.

"எங்க?" என்றார் மாட்டுக்காரர்.

"இல்லண்ணே."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேண்ணே. மாட்டு வாசம்தான் இருக்கு. அது எல்லா மாட்டுக்கும் உள்ளதுதான்."

அவர் செங்கல்லை என் கையிலிருந்து வாங்கினார். நேரே போய் ஒரு பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தங்கச்சியை அழைத்து வந்தார். பார்க்கத்தான், இருக்க இல்லை. ஒரு வாய்ச் சோறு உள்ளே தங்கினால் அப்புறம் பேசலாம் என்பது ஏற்பாடு. மாட்டுக்காரர் சீயக்காய் தேய்த்துக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, காலையிலிருந்தே சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குளித்தேன். எனக்கு இருந்த ஒரே சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டேன்.

சந்தில் அவர்கள் இறங்குவது தெரிந்தது. அவர் மனைவி சின்ன உருவம். வயிறு அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தது. வாழைமரத்துக்கிட்டே நின்றார். மாட்டுக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டார். மனைவி மறுபடி நடந்து வந்து வேலிக்கிட்டே நின்றார். பிறகு உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தார்.

"எங்க, சாணியெல்லாம் வித்துட்டீங்களா?"

"அந்தா இருக்கு பாரு."

மனைவி நம்பவில்லை. போய், குவியலின் மேலிருந்து ஒரு கை அள்ளி முகத்துக்கிட்டே கொண்டுபோனார்.

"மழ பேஞ்ச மண்ணு மாதிரில்ல இருக்கு" என்றார்.

அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பூனை மாதிரி மூலை மூலையாக முகர்ந்துகொண்டு போனார். தொட்டிக்குப் பின்னால் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்கூடத் தெரிந்தது. "சரி, சோத்தப் போடுங்க மாப்ள" என்றார்.

மாட்டுக்காரரே சமைத்திருந்தார். சோறு, ரசம், தேங்காய்த் துவையல். அவர் மனைவி பலகைக் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாங்கள் யாரும் அவரைப் பார்க்காத மாதிரி ஆளுக்கொரு வேலையைச் செய்தோம். மாட்டுக்காரர் ஏற்கனவே கட்டியிருந்த கன்றுக்குட்டியை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவர் மனைவி இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். மாட்டுக்காரர் கன்றுக்குட்டியை விட்டுவிட்டு அகப்பையோடு ஓடினார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் வைத்தேன்.

அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முந்தானை வாய்க்குப் போனது. எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினார். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அக்கா தாங்கிப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. மூலை மூலையாகத் தேடியது இப்போது அகப்பட்டுவிட்ட பார்வை.

எனக்கும் புரிந்துவிட்டது. தினமும் மீன்சந்தையிலிருந்து இறால் கூடையைத் தோளில் சுமந்து வந்தவன் நான். கூடையின் தண்ணீர் முதுகில் வழிந்து வழிந்து தோலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. கொட்டிலில் நாற்றம் போய்விட்டது. பாய் அன்று காலையிலும் என்னை வெளியே நிற்க வைத்துத்தான் கோப்பி கொடுத்திருந்தார். என் மூக்கு எல்லாவற்றையும் மோந்தது, என்னைத் தவிர.

அக்கா வாயைத் திறந்தார். தங்கச்சி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"ரசத்துல புளி சாஸ்திக்கா. வேற ஒண்ணுமில்ல" என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க போயிச் சாப்புடுங்க தம்பி" என்றார்.

மாட்டுக்காரர் அதை அப்படியே நம்பிவிட்டார். அவருக்குத்தான் மூக்கு இல்லையே. "நான் ஒரு மடையன். புளியக் கரைச்சிக் கொட்டிட்டேன். தண்ணிச்சோறு ஒரு வாயி குடிக்கிறியா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கொட்டிலைச் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம், காற்று எங்கே போகிறதோ அந்தப் பக்கம் போய் நின்றேன். அங்கேயிருந்து பார்த்தேன். அவர் நீராகாரமாகக் கரைத்துக் கொடுத்தார். அவர் மனைவி மெல்லக் குடித்தார். கட்டிலில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். ஈ வராமல் மாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை தள்ளி உட்காரவில்லை. அவர் முழங்கால் மனைவியின் காலோடு ஒட்டியிருந்தது. மனைவி முகத்தைத் திருப்பவில்லை.

எழுந்த பிறகு அவர் மனைவி இன்னொரு வாய் சோறு சாப்பிட்டார். அது தங்கியது. அக்கா கிளம்ப எழுந்தார், தங்கச்சி எழவில்லை.

"நீ போக்கா. நான் இங்கனயே இருக்கேன்."

அக்கா தங்கச்சியின் தலையைத் தடவினார்.

நான் மாட்டுக்காரரை வேலிக்கிட்டே கூப்பிட்டேன். "அண்ணே, புள்ள பொறக்கிற வரைக்கும் எறா வேணாம். வெறும் சாணி எருவே போதும். மிச்சம் இருக்கிற நாத்தம் அதுதான்."

"கீரைக்காரரு மொணமொணப்பாரு."

"மொணமொணக்கட்டும்ணே."

"சரி, நீ சொன்னா சரி. உன் மூக்குத்தானே." பிறகுதான் என் தோளில் கிடந்த சாக்கைப் பார்த்தார். "இதென்ன, எங்க கெளம்பிட்டே?"

"காலு அரிக்குதுண்ணே."

அது பொய்யில்லை. கூரையின் ஓட்டைகள் எனக்குப் பழகிவிட்டிருந்தன, அடைத்ததே நான்தான். ஆனாலும் அன்றைக்கு அரிப்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சோறு சரியில்லியா? நான் ஏதும் சொல்லிட்டேனா?" என்றார். இல்லை, இல்லை என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். உள்ளே கட்டிலில் அவர் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கூப்பினார். நானும் தூரத்திலிருந்தே கூப்பினேன்.

பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அக்காவும் நானும் ஒன்றாக நடந்தோம். சந்திலிருந்து சாலைக்கு ஏறியதும், "நீ அந்தப் பக்கமா வா தம்பி, காத்து அங்கிட்டுதான் போவுது" என்றார். நான் மறுபக்கம் மாறி நடந்தேன்.

"தப்பா எடுத்துக்காத."

"இல்லக்கா."

"எம்புருசனும் கல்லுத் தூசியோட வர்றவருதான். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு ஒட்டிக்கிது." பஸ் வருகிறதா என்று சாலையைத் திரும்பிப் பார்த்தார். "புள்ள பொறந்தா அந்தக் கோப்பிக்கடை பாய்க்கிட்ட சொல்லி வெக்கிறேன். நீ வந்து பாக்கணும். தூக்கிக் கையில குடுக்கச் சொல்றேன்."

"வர்றேன்க்கா."

"ஆனா குளிச்சிட்டு வா."

"தெனமும்தான் குளிக்கிறேன்!"

"இன்னும் நல்லாக் குளி" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

அன்று பாய் கடைக்கு முன்னால் இருந்த ஐந்தடி நடைபாதையில் படுத்துக்கொண்டேன். விடிந்ததும் பாய் டின்னில் கோப்பி ஊற்றிக் கொடுத்து, வேலை வேணுமா என்று கேட்டார். பக்கத்துத் தெருவில் ஒரு சலவைக்கூடத்தில் ஆள் தேடினார்களாம். "துணி வெளுக்கணும். மத்தியானம் வரைக்கும் தண்ணியிலயே நிக்கணும். கையெல்லாம் வெந்துபோயிடும். பயலுக ஒரு வாரத்துக்கு மேல நிக்க மாட்டேங்குறானுங்க" என்றார்.

போனேன். சிமெண்டுத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. பெரிய அண்டாவில் துணி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஆவி முழுக்கச் சவுக்கார வாசம். அங்கிருந்த மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "முன்னாடி எங்க வேல பாத்தே?" என்றார். சொன்னேன். "இங்க எத்தன நாளு இருப்பே?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் எப்போதும் தெரியாது என்றுதான் சொல்வேன். பிள்ளை பிறக்க இன்னும் எத்தனை மாதம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"தை பொறக்குற வரைக்கும் இருப்பேன்" என்றேன்.

சட்டையைக் கழற்றி அண்டாவில் போடச் சொன்னார். போட்டேன். இடுப்பளவுத் தொட்டியில் இறங்கி, சவுக்காரக் கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன். முதலில் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் வந்தன.